அண்ணன் வைத்த காலண்டர் துண்டு

எங்கள் வீட்டின் மூத்தவரும் எனக்குத் தகப்பன் இடத்தில் நின்றவருமான அண்ணன் மறைந்து ஓர் ஆண்டு நிறைகிறது. திதிக்கு வந்து எங்களோடு அமர்ந்து சாப்பிட்ட உறவினர்களுக்கும், ஒரகடம் ரோட்டு ஷெட்டில் அவரோடு வேலை செய்தவர்களுக்கும் வணக்கம். நான் ஐந்தாவதோடு நின்றவன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. அதனால் இந்த நினைவு மலரில் எழுதிக் கொடுக்கிறேன்.

உங்களில் பாதிப் பேருக்கு அண்ணனைக் 'காலண்டர்' என்று சொன்னால்தான் தெரியும். சென்ற ஆண்டு அவரை எடுத்துக்கொண்டு போகும்போது, ரோட்டு ஓரத்தில் சைக்கிளை நிறுத்திய ஒருவர், "யாருபா பூட்டது?" என்று கேட்டார். "நம்ம காலண்டருபா" என்று பதில் வந்தது. கேட்டவருக்கும் உடனே புரிந்தது. தோள் கொடுத்துக்கொண்டிருந்த என் காதிலும் அது விழுந்தது. அந்தப் பெயர் ஒரு தப்பினால் வந்த பெயர். அந்தத் தப்பு அண்ணன் செய்தது அல்ல.

அண்ணன் பிறந்தது மணிமங்கலத்தில். அப்பா ஏரிக்குக் கீழே குத்தகை நிலத்தில் பயிர் வைத்தவர். அண்ணன் ஒன்பதாவது படிக்கும்போது அப்பா தவறிவிட்டார். அதோடு அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தாம்பரத்தில் ஓர் அச்சகத்தில் தாள் மடிக்கப் போனார். பன்னிரண்டு வருடம் அங்கே மடித்தார். ஒரு தாளைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பார்த்தாலே அது எந்தப் பக்கம் மடியும், எந்தப் பக்கம் மடியாமல் முறைக்கும் என்று சொல்லிவிடுவார். அந்தச் சம்பாத்தியத்தில்தான் இரண்டு தங்கைகளுக்கும் கல்யாணம் செய்தார். அதற்குப் பிறகுதான் அண்ணி வந்தார்.

அண்ணனின் குணத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று இந்த மலரை அடித்துத் தரும் அச்சகத்தில் சொன்னார்கள். மாதிரிக்குக் கொடுத்த மலரில் எல்லோரும் பொறுமையின் சிகரமாக இருந்தார்கள். அண்ணனை அப்படி எழுதினால் அண்ணியே சிரிப்பார். அவருக்குக் கோபம் வரும். ஸ்பேனரை விட்டெறிவார். பிறகு அவரே போய்த் தேடி எடுத்து, துடைத்து, பெட்டியில் வைப்பார். ஆள் மேல் எறிந்ததில்லை. ஒரு வேலை சரியாக வராவிட்டால் சோறு இறங்காது. அவருடைய குணம் அவ்வளவுதான். அதுவே அவருக்குக் கஷ்டமாகவும் ஆனது.

ஒரகடம் ரோட்டில் வயல்களுக்கு நடுவே காகிதப் பை ஷெட் வந்தபோது முதலாளி அண்ணனை மெஷின் ஆளாக எடுத்துக்கொண்டார். அண்ணன் என்னையும் சேர்த்துவிட்டார். காகித ரோல் ஏற்றுவதும், மெஷினைத் துடைப்பதும் என் வேலை. மெஷின் பம்பாயிலிருந்து வந்த பழைய மெஷின். அது ரோலிலிருந்து காகிதத்தை இழுத்து, குழாய் போல வளைத்து ஒட்டி, அளவாக வெட்டும். அது வரையில் ஒரு தொந்தரவும் இல்லை. தொந்தரவெல்லாம் பையின் அடியை மடிக்கிற இடத்தில்தான்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த இடத்தில் ஓர் உருளை சுற்றும். உருளையில் நீளமாக ஒரு பிடி இருக்கும். அது திறந்து மூடும் என்பதால் நாங்கள் அதை வாய் என்போம். எதிரில் மொட்டையான ஒரு தகடு. தகடு காகிதத்தை வாய்க்குள் தள்ளும், வாய் கவ்வும், உருளை சுற்றும். கவ்விய இடத்தில் மடிப்பு விழுந்துவிடும். கண் இமைப்பதற்குள் நடக்கிற வேலை. எங்கள் மெஷினில் அந்த வாய் ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. இடது பக்கம் கவ்வும்போது வலது பக்கம் ஒரு மயிரிழை பின்தங்கும். மடிப்பு கோணலாக விழும். பையின் ஒரு மூலையில் ஊசி நுழைகிற அளவு சந்து நிற்கும். எங்கள் பைகளை வாங்கியது ஒரு தேயிலைத் தூள் கம்பெனி. தூளுக்கு அந்தச் சந்து போதும்.

பசை சரியில்லை என்றார்கள். காகிதம் சரியில்லை என்றார்கள். மெஷின் ஆள் சரியில்லை என்றும் சொன்னார்கள். அண்ணன் மட்டும் வாய்க்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கையால் சக்கரத்தை மெல்லச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார். தேய்ந்த பக்கத்துக்குப் பின்னால் ஏதாவது முட்டுக் கொடுத்தால் சரியாகும் என்று கண்டுபிடித்தார். பித்தளைத் தகடு வைத்தார், கனம் அதிகமாகிக் காகிதம் கிழிந்தது. பிளேடை உடைத்து வைத்தார், நழுவியது. சைக்கிள் டியூப் வைத்தார், அமுங்கிப் போனது. ஒவ்வொன்றுக்கும் ஸ்பேனர் ஒரு முறை பறந்தது.

கடைசியில் வீட்டுச் சுவரிலிருந்த மாதக் காலண்டரைக் கழற்றினார். வழவழப்பான கனத்த தாள். முருகன் படத்தை அண்ணியிடம் கொடுத்துவிட்டு, தேதிக் கட்டம் இருந்த பக்கத்தில் விரல் அகலத்துக்கு வெட்டி, நாலாக மடித்து, உருக்கிய மெழுகில் தோய்த்து, வாய்க்குப் பின்னால் இறுக்கினார். அன்று சாயங்காலம் வரை ஒரு பைகூடக் கோணவில்லை.

அண்ணனோடு மெஷினில் நின்ற எத்திராஜ் அன்றைக்கே கிண்டலை ஆரம்பித்துவிட்டார். "கடுதாசி மிசினுக்கே கடுதாசி வெச்சி ஏமாத்திட்டாரு பாரு, இன்னா மூளை!" என்றார்.

"உன் மூளையில வெச்சிப் பாத்தேன், நிக்கல. அதான் மிசின்ல வெச்சேன்" என்றார் அண்ணன்.

ஷெட்டே சிரித்தது. எட்டு மாதம் மெஷின் அப்படியே ஓடியது. முதலாளி வந்தால் அண்ணனை மேஸ்திரி என்று கூப்பிடுவார். அந்த எட்டு மாதம்தான் அண்ணன் வீட்டில் சிரித்த முகமாகச் சாப்பிட்டது என்று அண்ணி சொல்வார்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. அண்ணியின் ஊரில் ஒரு சாவுக்காக அண்ணன் போயிருந்தார். பூஜைக்கு முன்தினம் மெஷினைக் கழுவி, துடைத்து, பெயின்ட் தொட்டு வைக்கிற வேலை என்னிடம் வந்தது. அண்ணன் திரும்பி வந்து பார்க்கும்போது மெஷின் புதுசு போல இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கெரசினில் துணி நனைத்து ஒரு சந்து விடாமல் தேய்த்தேன். வாயில் காகிதத் துணுக்குகள் மாட்டுவது வழக்கம், தினமும் எடுப்பேன். அன்று வாய்க்குப் பின்னால், எண்ணெயில் கறுத்துப் போய் ஓர் அடைசல் தெரிந்தது. கையால் இழுத்தேன், வரவில்லை. ஸ்குரூ டிரைவரைச் செருகி நெம்பினேன். அதற்கும் வரவில்லை. முழங்காலை மெஷினில் ஊன்றிக் குத்திக் குத்தி எடுத்தேன். குப்பையோடு கூட்டி வெளியே கொட்டினேன். அந்த இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன்.

அண்ணன் காலண்டர் வைத்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். எந்த இடத்தில், எப்படி என்று நான் பார்த்ததில்லை. கேட்டிருக்கலாம். கேட்பதற்கும் எனக்குக் கூச்சம்.

பூஜை முடிந்து மெஷின் ஓடிய முதல் நாள், தேயிலைக் கம்பெனிக்கு அவசரமாக ஒரு லோடு போக வேண்டியிருந்தது. அண்ணன் இன்னும் ஊரிலிருந்து வரவில்லை, மேலோட்டமாகப் பார்த்துக் கட்டி அனுப்பிவிட்டார்கள். அண்ணன் வேலைக்கு வந்த அன்று லோடு அப்படியே திரும்பி வந்தது. பைகளின் மூலையெல்லாம் தூள். முதலாளி ஒரு பையை எடுத்து அண்ணன் முன்னால் உதறினார்.

"என்ன மேஸ்திரி இது?"

அண்ணன் ஓடிப் போய் வாய்க்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்தார். வெறும் இரும்பு. இரண்டு முறை தடவிப் பார்த்தார். அவர் முகம் போன போக்கை நான் மூன்றடி தூரத்தில் நின்று பார்த்தேன். அந்தக் கறுத்த அடைசல் என்னவென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"விழுந்துட்டிருக்கு சார்" என்றார் அண்ணன்.

"காலண்டரை நம்பி ஃபேக்டரி நடத்தினா இதான் கதி. இனிமே இந்தக் கடுதாசி வேலை வேணாம்" என்றார் முதலாளி.

"நான்தான் எடுத்தேன்" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். எல்லோரும் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், என்னை யாரும் பார்க்கவில்லை. நான் ரோலை உருட்டிக்கொண்டு போய்விட்டேன்.

அம்பத்தூரிலிருந்து ஃபிட்டர் வந்து இரும்புத் துண்டு வைத்து ஒருவாறு ஓட வைத்தார். அண்ணனை மெஷினிலிருந்து எடுத்து லோடு ஏற்றும் இடத்தில் போட்டார்கள். எத்திராஜ் முன்பு கிண்டலுக்கு வைத்த 'காலண்டர்' என்ற பெயர் அதோடு ஒட்டிக்கொண்டது.

லோடு திரும்பி வந்த அன்று சாயங்காலம் ஒரே சைக்கிளில் வீட்டுக்குப் போனோம். அண்ணன் மிதித்தார், நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். முகம் தெரியாது, சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

"அண்ணா."

"இன்னாடா?"

"ஒண்ணுமில்ல."

கொஞ்ச தூரம் போனதும் அவரே சொன்னார். "நிக்கும்னு நெனச்சேன்டா. கடுதாசி தானே, எவ்ளோ நாளு நிக்கும்? என் கணக்கு தப்புடா."

அப்போதும் நான் சொல்லவில்லை. இதை எழுதும்போதுகூட என் மேல் எனக்கு ஆத்திரமாக வருகிறது. அவரிடமிருந்து போனது மெஷின் மட்டும் அல்ல. அதன் பிறகு வீட்டில் ஒரு கதவு சரியாக மூடாவிட்டால்கூட, "வேற யாரயாச்சும் கூப்டு, நான் வெச்சா நிக்காது" என்பார். ஸ்பேனர் எறிவதும் நின்றுபோனது. கோபமே இல்லாத அண்ணனைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

மூன்று வருடம் போனது. தூசியோ, சுமையோ, அண்ணனுக்கு நெஞ்சில் மூச்சு கட்டியது. தாம்பரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு நாள் மத்தியானம் அண்ணி கீழே மாத்திரை வாங்கப் போயிருந்தார். துணிந்து ஆரம்பித்தேன். "அண்ணா, அந்தக் காலண்டர் துண்டு..."

அவர் கையைத் தூக்கினார். "நீயுமாடா?" என்றார். நானும் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார். "அத்த விட்டுடு. அந்தப் பேச்சே எடுக்காத." சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "கிண்டல் இல்ல அண்ணா" என்று நான் சொல்வதற்குள் அண்ணி வந்துவிட்டார். மறு வாரம் அண்ணன் போய்விட்டார்.

பத்து மாதம் இதைச் சுமந்துகொண்டு திரிந்தேன். பிறகு அண்ணியிடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் முறத்தைக் கீழே வைத்தார்.

"இத்த அவரு இருக்கசொல்லோ சொன்னா இன்னா? நான் வெச்சது நிக்கல, நான் வெச்சது நிக்கலன்னு அதே பேச்சா இருந்தாரேப்பா மனுசன்."

முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

"என்னாண்ட சொல்லி இன்னா பிரயோசனம்? யாரு முன்னாடி அவருக்குத் தலை குனிஞ்சுதோ அங்க போய்ச் சொல்லு. போ. இப்பவே போ."

போனேன். முதலாளியின் மேஜை முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். நான் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசி அவர் பார்த்ததில்லை. பேனாவை மூடி வைத்தார். "ஞாயித்துக்கிழமை மிசின் சும்மாதானே இருக்கு, அதே மாதிரி கடுதாசி வெச்சுப் பாருங்க" என்றார்.

அண்ணி பழைய மாதக் காலண்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். இந்த முறை படத்தை அவரே வெட்டி எடுத்துவிட்டுக் கொடுத்தார். விரல் அகலம், நாலு மடிப்பு, மெழுகு. ஃபிட்டர் வைத்த இரும்பை எத்திராஜ் கழற்ற, நான் இதை வைத்து இறுக்கினேன். முதல் இருபது பைகள் கோணல். அழுகை வந்துவிட்டது. அப்போது எத்திராஜ்தான், "இரு, அவரு தாளைத் திருப்பித் திருப்பி வளைச்சிப் பாத்துட்டுத்தான் மடிப்பாரு, நான் பாத்துகீறேன்" என்றார். காலண்டரின் மிச்சத்தை இரண்டு பக்கமும் வளைத்துப் பார்த்தோம். நான் முறைக்கிற பக்கமாக மடித்திருந்தேன். வேறு துண்டு வெட்டி, மடிகிற பக்கமாக மடித்து வைத்தோம்.

மெஷின் சாயங்காலம் வரை ஓடியது. எத்திராஜ் ஒரு பையில் தேயிலைத் தூளை நிரப்பி, தன் வெள்ளை வேட்டி மேல் வைத்துக் குலுக்கினார். ஒரு பொட்டுகூட விழவில்லை. வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "காலண்டரு..." என்று ஆரம்பித்தவர் அந்தப் பெயரை முடிக்கவில்லை. "மேஸ்திரி கணக்கு கரீட்டுபா" என்றார்.

அண்ணனுக்கு அது கேட்காது. அந்த வருத்தம் இந்த மலரால் தீரப்போவதில்லை.

ஆஸ்பத்திரியில் மாறி மாறிக் கூட இருந்த தங்கைகளுக்கும் மைத்துனர்களுக்கும், சொன்னவுடன் மெஷினைத் திறந்துவிட்ட முதலாளிக்கும், ஞாயிற்றுக்கிழமையை எங்களுக்காகக் கொடுத்த எத்திராஜுக்கும், என்னைத் திட்டி அனுப்பிய அண்ணிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உங்கள் எல்லோரிடமும் ஒன்று கேட்கிறேன். அண்ணனைக் காலண்டர் என்று சொல்வதென்றால் சொல்லுங்கள். அந்தத் துண்டு தானாக விழவில்லை, முழங்காலை ஊன்றி நெம்பித்தான் எடுக்க முடிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இந்த மலரை ஒரு காகிதப் பையில் போட்டுத்தான் உங்கள் கையில் கொடுத்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமை ஓடிய பை அது. வீட்டுக்குப் போனதும் கவிழ்த்து, அடியைப் பாருங்கள். இரண்டு மூலையையும் பாருங்கள். அது அண்ணன் மடித்தது.

— தம்பி