கட்டுரையைச் சரிபார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை

சேலத்தில் ஒரு கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். போன வருடம் எங்கள் மாணவர்களுக்கு 'செயற்கை நுண்ணறிவும் சமுதாயமும்' என்று ஒரு கட்டுரைப் போட்டி வைத்தார்கள். நடுவர்கள் மூன்று பேர்: நான், கணினித் துறை சார் ஒருவர், வேதியியல் துறை மேடம் ஒருவர்.

ஃபேர்லேண்ட்ஸில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கட்டுரைகளைப் பரப்பிவைத்துப் படித்தேன். பாதி தாண்டுவதற்குள் அலுத்துவிட்டது. மருத்துவம், கல்வி, விவசாயம், வேலைவாய்ப்பு என்று எல்லாவற்றிலும் ஒரே வரிசை. கடைசியில் எல்லாமே நாம் பயன்படுத்தும் விதத்தில்தான் இருக்கிறது என்று முடிந்தது. எது பிள்ளைகள் எழுதியது, எது கைப்பேசி எழுதிக்கொடுத்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

நடுவில் ஒரு கட்டுரை மட்டும் ஒரு லாரியைப் பற்றி இருந்தது. எழுதியவள் வணிகவியல் இரண்டாம் ஆண்டு மாணவி. அவளுடைய அப்பா நாமக்கல் பக்கத்து லாரி டிரைவர். ஓட்டுகிறவர் கண் அசந்தால் கூவி எழுப்பும் கேமரா ஒன்றை முதலாளி லாரிக்குள் பொருத்தியிருக்கிறார். சின்ன வயதில் கிட்டிப்புள் பட்டதில் அப்பாவுக்கு இடது கண்ணிமை பாதி இறங்கியே இருக்கும். அதனால் முழு விழிப்பில் ஓட்டும்போதும் அவர் தூங்குவதாகக் கேமரா கூவுகிறது. முதலாளியின் போனுக்கும் தகவல் போகிறது. இமையைத் தூக்கிக் காட்டுவதற்காகப் புருவத்தை உயர்த்தியபடியே ஓட்டுகிறார். 'அப்பாவுக்கு வயது நாற்பத்தைந்து. இந்த ஒரு வருடத்தில் அவருடைய நெற்றிக்கு மட்டும் எழுபது ஆகிவிட்டது' என்று எழுதியிருந்தாள்.

நடுவர்கள் கூடியபோது கணினித் துறை சார் அந்த வரியில் விரலை வைத்தார். "இது மெஷின் எழுதினது மேடம். இப்படிக் கதை கட்டச் சொன்னா அருமையாக் கட்டும். ரெண்டாம் வருஷப் பொண்ணு இப்படியா எழுதும்?"

எனக்கும் சந்தேகம்தான். ஆனால் சந்தேகத்தைவிட, பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை பெரிதாக இருந்தது. அப்படி ஒரு கேமரா இருக்கிறதா? கண்ணை அது எப்படிப் பார்க்கும்? அவளைக் கூப்பிட்டு, லாரியைப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"அப்பா ஞாயித்துக்கெழம ஊட்ல இருப்பாருங்க மேடம். வாங்க."

ராசிபுரம் தாண்டி அவர்கள் ஊருக்குப் பஸ்ஸில் போனேன். வீட்டை ஒட்டிய காலி இடத்தில் லாரி நின்றது. முன்கண்ணாடிக்குக் கீழே, தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. வண்டி ஓடினால்தான் அது வேலை செய்யும் என்றார் அவள் அப்பா. "நாமக்கல் பட்டறைக்குப் போறனுங்க, ஸ்பிரிங் பட்டை மாத்தோணும். ஏறி உக்காருங்க டீச்சர்."

மகள் நடுவில் உட்கார்ந்தாள், நான் ஓரத்தில். லாரி மெயின் ரோட்டுக்கு வரும்போது அவள் சாதாரணமாகக் கேட்டாள்: "மத்தவங்க எழுதுனதையும் இப்பிடிப் போயிப் பாத்தீங்களா மேடம்?"

"இல்ல" என்றேன். போய்ப் பார்க்கிற மாதிரி மற்றவற்றில் எதுவும் இருக்கவில்லை.

இரண்டு கிலோமீட்டர்கூடப் போகவில்லை, பெட்டி 'கீக் கீக்' என்றது. பிறகு ஒரு பெண் குரல் இந்தியில் ஏதோ சொன்னது. அவள் அப்பா என்னிடம் அந்த ஊர் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். தூக்கத்தின் சாயலே இல்லை. சட்டென்று புருவத்தை மேலே தூக்கினார். நெற்றியில் நாலு வரி ஆழமாக விழுந்தது. பட்டறை வரைக்கும் அவை கலையவே இல்லை.

"இதைக் கழட்டச் சொல்லலாமில்லீங்களா?" என்று கேட்டேன்.

"கழட்ட வேண்டாமுங்க. நாக்பூர் ரோட்டுல ஒருக்கா, மத்தியானம் சாப்புட்டுப் போட்டு ஓட்டுறேன், நெசமாலுமே அசந்துட்டனுங்க. இது கத்துன பொறவுதான் பாக்கறேன், முன்னால டேங்கர் நிக்குது."

மகள் திரும்பி அவரைப் பார்த்தாள். "என்றகிட்டச் சொல்லவே இல்லியேப்பா."

"சொன்னா உங்கொம்மா மறுக்கா லாரி ஏற உடுவாளா, கண்ணு?"

பட்டறையில் இறங்கியதும் அவள் என்னிடம் வந்தாள். "கட்டுரையத் திருப்பிக் குடுத்தீங்கன்னா இதையும் சேத்து எழுதிருவனுங்க மேடம். நான் அதத் திட்டி மட்டுந்தான் எழுதியிருக்கேன்." கடைசித் தேதி முடிந்துவிட்டது, விதிப்படி முடியாது என்றேன். சொல்லும்போதே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

திங்கட்கிழமை மற்ற இருவரிடமும் பார்த்ததைச் சொன்னேன். அவளே எழுதியதுதான் என்று கணினித் துறை சார் உடனே ஒத்துக்கொண்டார். அதோடு, இமை இறங்கியவர்களின் படங்களையும் காட்டி அந்தக் கேமராவைப் பழக்கியிருப்பார்களா என்று அரைமணி நேரம் யோசித்துப் பேசினார். வேதியியல் மேடம், கேட்ட தலைப்பில் ஒரு மூலைதான் இதில் இருக்கிறது என்றார். அவளுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது.

பரிசு வாங்கிய அன்று என்னைத் தேடி வந்து, கையால் எழுதிய இரண்டு தாள்களைக் கொடுத்தாள். "இதுக்கு மார்க் வேண்டாங்க மேடம், படிச்சுப் பாருங்க."

நின்றபடியே படித்தேன். நாக்பூர் ரோட்டைப் பற்றி எழுதியிருந்தாள். அப்பாவுக்குத் தெரியாமல் முதலாளிக்குப் போன் செய்து கண்ணிமை விஷயத்தைச் சொன்னதையும் எழுதியிருந்தாள். அவர் ஆளை அனுப்பிப் பெட்டியை ஒரு சாண் தள்ளி, நல்ல கண்ணுக்கு நேராக வைக்கச் சொன்னாராம்.

"இப்ப கத்தறதில்லையா?" என்றேன்.

"கொறஞ்சிருக்குதுங்க. தள்ளி வெச்சதுனாலதானான்னு மாட்டுனவருக்கே தெரியல. அடுத்த வாரம் அப்பா வந்ததும் நானும் லாரியில கூட உக்காந்து, எப்பெப்பக் கத்துதுன்னு எழுதி வெக்கப் போறேன்."

எழுதியதும் எனக்கும் காட்டு என்றேன்.