எனக்கு இந்த வாரம் செகண்ட் ஷிப்ட்

அழாமல் பள்ளிக்கூடம் போன பிள்ளை என்று என்னைப் பற்றி அம்மா ஊரெல்லாம் பெருமை பேசியது சரியாக ஒரு வாரம். அடுத்த திங்கட்கிழமை காலையில் அவள் மானத்தை நான் வாங்கினேன். மானம் மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. அவளுடைய வேலையும் போயிருக்கும்.

அதைச் சொல்வதற்கு முன் எங்கள் வீட்டில் நேரம் எப்படி ஓடியது என்று சொல்லிவிட வேண்டும். எண்பதுகளின் நடுவில் நாங்கள் கொரட்டூரில், ஐந்து வீடுகள் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில், எஸ்டேட் என்போம், ஒரு கம்பெனியில் இரும்பு கடையும் லேத் ஓட்டினார். ஒரு வாரம் காலை ஆறு மணிக்கு வேலை, இரண்டு மணிக்கு முடியும். அடுத்த வாரம் இரண்டு மணிக்கு ஆரம்பித்து ராத்திரி பத்து வரைக்கும். அதற்கடுத்த வாரம் நைட் ஷிப்ட். பிறகு மறுபடியும் காலை. திங்கள், செவ்வாய் எல்லாம் தெரிவதற்கு முன்பே ஃபர்ஸ்ட், செகண்ட், நைட் என்று நான் விரல் மடக்குவேன். எஸ்டேட்டுச் சங்கு எங்கள் வீடு வரைக்கும் கேட்கும். அதை வைத்துத்தான் உலை வைப்பதும் இறக்குவதும். நைட் ஷிப்ட் வாரத்தில் நைனா பகலெல்லாம் தூங்குவார். அந்த வாரம் ரேடியோ கிடையாது, தாளிப்பதுகூடக் கதவைச் சாத்திக்கொண்டுதான். எனக்குத் தும்மல் வந்தால் தெருவுக்கு ஓடிவிட வேண்டும்.

இது தவிர ஜெனரல் ஷிப்ட் என்று ஒன்று இருந்தது. எங்கள் லைனில் அது ஒரே ஒருவருக்குத்தான். கடைசி வீட்டுக்காரர், ஏதோ கம்பெனியின் ஆபீசில் இருந்தார். காலை எட்டரை, மாலை ஐந்து, வாரா வாரம் மாறாது. சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு, வெயிலில் போய் வெயிலிலேயே திரும்பி வருவார். அவர் தெருவில் நடந்தால் பேசிக்கொண்டிருக்கும் ஆம்பிளைகள் கொஞ்சம் ஒதுங்கி வழிவிடுவார்கள். பன்னிரண்டு வருஷ சர்வீசுக்குப் பிறகும் நைனாவுக்கு அது கிடைக்கவில்லை. கிடைத்தால் எப்படியெல்லாம் இருப்பேன் என்று மட்டும் அடிக்கடி சொல்வார். மூன்று வேளையும் வேளைக்குச் சாப்பிடுவாராம். சாயந்தரம் ஏரிக்கரையில் காற்று வாங்குவாராம்.

அம்மா எட்டாவது வரைக்கும் படித்தவள். எஸ்டேட் ஓரத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றப் பொம்பளை ஆட்கள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே எத்தனை நாள் உட்காருவது என்று கேட்டாள். பிள்ளையை யார் பார்ப்பது என்று நைனா கேட்டார். நியாயமான கேள்விதான். நைனா வீட்டில் இல்லாத வாரமும் உண்டு, இருந்தும் தூங்குகிற வாரமும் உண்டு. எனக்கு ஐந்து வயது முடியட்டும் என்று அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். முடிந்ததும் மறுபடி ஆரம்பித்தாள். ஒரு மாதம் வீட்டில் அதே பேச்சு. கடைசியில் நைனா ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார்.

"பாப்பா ஸ்கூலுக்கு ஒயுங்கா போச்சுன்னா நீ வேலைக்குப் போ. அது போ மாட்டேன்னு அயுதுகினு ஊட்ல குந்துச்சுன்னா, அன்னிக்கே நின்னுடணும். அப்பால பேச்சு கெடையாது."

அம்மா சரி என்றாள். ஆக, அவளுடைய வேலை என் கையில் இருந்தது. அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஜூன் மாதத்தில் ஒரே திங்கட்கிழமை நான் ஒன்றாம் வகுப்பிலும் அம்மா கம்பெனியிலும் சேர்ந்தோம். எனக்கு ஒரு மஞ்சள் பை, சிலேட்டு. அம்மாவுக்கு ஒரு ஒயர் கூடை, சாப்பாட்டு டப்பா, அவள் பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர். கம்பெனியில் டீ கெட்டிலில் வரும், டம்ளர் அவரவருடையது. அங்கே ஒரு ஜன்னல் மேடையில் எல்லார் டம்ளரும் வரிசையாகக் கவிழ்ந்திருக்குமாம். ஒரு டம்ளர் காணவில்லை என்றால் அந்த ஆள் வேலையை விட்டு நின்றுவிட்டதாக அர்த்தம். தன் டம்ளரை அந்த வரிசையில் கவிழ்த்து வைத்த கதையை அம்மா முதல் நாள் சாயந்தரம் இரண்டு தடவை சொன்னாள்.

அம்மா எட்டு மணிக்குக் கிளம்பிவிடுவாள். பக்கத்து வீட்டில் ஐந்தாவது படிக்கிற அக்கா ஒருத்தி இருந்தாள். லைனில் இருந்த சில்லறைப் பிள்ளைகளை எல்லாம் அவள்தான் ஒன்பது மணிக்கு ஓட்டிக்கொண்டு போவாள். ஒன்றாம் வகுப்பில் அந்த வாரம் ஒரே ஒப்பாரி. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி, டீச்சரின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒருத்தன். நான் மட்டும் கைகட்டி உட்கார்ந்திருந்தேன். டீச்சர் என்னைக் காட்டி மற்றவர்களைத் திட்டினார். அந்த வாரம் நைனாவுக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட். இரண்டு மணிக்கு வேலை முடிந்து, கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு, நாலு மணிக்குச் சைக்கிளில் என்னை அழைத்துப்போக வருவார். தினமும் ஒரே கேள்விதான் கேட்பார்: "இன்னா, ஷிப்டு முட்ஞ்சுதா?" முடிந்தது என்று சொல்லிவிட்டு நான் சைக்கிள் பாரில் ஏறி உட்காருவேன்.

அவர் விளையாட்டாகக் கேட்டார். நான் நிஜமாக எடுத்துக்கொண்டேன்.

என் கணக்கு சுத்தமானது. பள்ளிக்கூடம் என்பது வேலை. வேலை என்றால் ஷிப்ட். ஒரு வாரம் காலையில் போனால் அடுத்த வாரம் மாறும். அழுகிற பிள்ளைகளைப் பார்த்து எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. ஒரு வாரம் பொறுத்தால் மதியத்துக்கு மாறிவிடப் போகிறது, அதற்குள் ஏன் இந்த அலறல்?

அடுத்த திங்கள் காலை அம்மா என்னைக் குளிக்கக் கூப்பிட்டாள். நான் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை.

"எனுக்கு இந்த வாரம் செகண்ட் ஷிப்டு" என்றேன்.

அம்மா அதைக் காதிலேயே வாங்கவில்லை. அவளுக்கு எட்டு மணி. கையைப் பிடித்து இழுத்தாள். நான் தரையோடு ஒட்டிக்கொண்டேன். காலையில் போக மாட்டேன், போக மாட்டேன் என்று கத்தினேன். அதில் அவள் காதில் விழுந்தது 'போக மாட்டேன்' மட்டும்தான். முதுகில் இரண்டு வைத்தாள். ஒரு வாரமாக அழாத கண்ணீரையெல்லாம் சேர்த்து நான் அன்றைக்கு அழுதேன். லைனே வாசலுக்கு வந்துவிட்டது. நைனா தொடப்பக்குச்சியால் பல் குத்திக்கொண்டு சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றார். அம்மா அவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். அவள் கூடையை எடுத்துக்கொண்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே போனாள். ஒன்பது மணிக்கு அக்காவும் மற்ற பிள்ளைகளோடு கிளம்பிப் போனாள்.

இன்று யோசித்தால், நைனா அன்றைக்கு எதுவுமே செய்ய வேண்டியிருக்கவில்லை. சும்மா இருந்திருந்தாலே போதும். நிபந்தனை அவருடையது, உடைத்தது நான், சாயந்தரம் அம்மா தானாகவே நின்றிருப்பாள். அவரைக் குறை சொல்ல ஒருத்தருக்கும் வாய் இருந்திருக்காது.

அவர் சைக்கிளைத் துடைத்தார். செயினுக்கு எண்ணெய் விட்டார். அது முடிந்து, ஏற்கெனவே துடைத்த ஹேண்டில்பாரை இன்னொரு தடவை துடைத்தார். பிறகு உள்ளே வந்து எனக்கு எதிரில் குந்தினார்.

"அப்ப நீ எப்பதான் போவ?"

"உன்கூட. சோறு துன்னுட்டு" என்றேன். இதுகூடத் தெரியாதா என்று எனக்கு எரிச்சல்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தாரே ஒரு சிரிப்பு, இருமல் வந்து தலையைத் தட்டிக்கொள்ளும்படி. ஆனால் என் தப்பைத் திருத்தவில்லை. வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டினார். தலை சீவத் தெரியாமல் இரண்டு பக்கமும் இரண்டு உயரத்தில் சடை போட்டார். அம்மா ஆக்கி வைத்திருந்த சோற்றை எனக்குக் கொஞ்சம் ஊட்டி, தன் டப்பாவிலும் கட்டிக்கொண்டார். ஒரு மணிக்கு இருவரும் செகண்ட் ஷிப்ட்டுக்குக் கிளம்பினோம்.

மதிய மணி அடிக்கும் நேரத்துக்குப் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தோம். டீச்சர் வராண்டாவில் நின்றிருந்தார். கம்பெனியில் யாருக்கும் அடங்காதவர் என்று பெயரெடுத்த நைனா, டீச்சரைப் பார்த்ததும் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டார். நான் ஏன் காலையில் வரவில்லை என்பதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். டீச்சர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. குனிந்து என்னிடம், இங்கே எல்லாருக்கும் ஒரே நேரம்தான், காலை ஒன்பதரைக்கு வந்து நாலு மணிக்குப் போவது, எந்த வாரமும் மாறாது என்று சொன்னார்.

எந்த வாரமுமா? நான் நைனாவைப் பார்த்தேன். இத்தனை நாள் கூடவே இருந்துவிட்டு இதைச் சொல்லவில்லையே என்றுதான் இருந்தது.

நைனா என் உயரத்துக்குக் குந்தினார். "ஜெனரல் ஷிப்டுமா. உனுக்கு மொத நாளே குட்த்துட்டாங்க. அம்மாவுக்கும் அதான். நம்ம ஊட்ல எனுக்குதான் இன்னும் கெடைக்கல."

கடைசி வீட்டுக்காரரின் ஷிப்ட். எனக்கு. அதற்குமேல் என்னை யாரும் சமாதானப்படுத்த வேண்டியிருக்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். பக்கத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த பெண்ணிடம், நமக்கு ஜெனரல் ஷிப்ட், தெரியுமா என்று சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. அவள் அப்பா மளிகைக்கடை. கொஞ்ச நேரம் கழித்து இரண்டு மணிச் சங்கு ஊதியது. நைனா லேத்துக்கு முன்னால் நின்றிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அம்மா எழுப்புவதற்கு முன்பே நான் எழுந்துவிட்டேன். சாயந்தரம் போய் லைன் முழுக்க என் ஷிப்ட்டைச் சொன்னேன். அதன்பிறகு கொஞ்ச நாள் என் பெயரே ஜெனரல் ஷிப்ட் ஆகிவிட்டது. நைனா அந்த நிபந்தனையைப் பற்றிப் பேசியதே இல்லை. அம்மாவும் வேலையை விடவில்லை. காயில் சுற்றப் போனவள், பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் சுற்றுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவளாக ஆனாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் டிப்ளமோ முடித்து, திருமழிசையில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர இருந்தேன். அதற்கு முதல் நாள் சாயந்தரம் அம்மா பாத்திரக்கடையிலிருந்து ஒரு புது டம்ளர் வாங்கி வந்தாள். என் பெயர் வெட்டியிருந்தது. இப்போதெல்லாம் கம்பெனியிலேயே கப் தருகிறார்கள் என்றேன். தந்தால் தரட்டும், நீ எடுத்துப் போ என்றாள். பேச்சு அப்படியே அந்தத் திங்கட்கிழமைக்குப் போனது. நான் அழுது உருண்டதையும் கோணல் சடையையும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். அம்மா சிரிக்கவில்லை.

அன்றைக்கு அவளும் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தாள். பதினைந்து வருஷம் கழித்து அப்போதுதான் எனக்குச் சொன்னாள். காலையிலிருந்து அவளுக்குக் கை ஓடவில்லை, இரண்டு காயில் வீணானது. மதியம் சாப்பிடாமல் சூப்பர்வைசரிடம் போய், நாளையிலிருந்து வர மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். ஜன்னல் மேடையிலிருந்து தன் டம்ளரை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தால், வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் கேட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள்.

"ஒங்க நைனா ஜன்னலாண்ட நின்னுகினு இருந்தாரு. உள்ள நீ குந்திகினு இருக்கிறதையே பாத்துகினு. ரெண்டு மணிக்கு அவுரு கம்பெனில இருக்கணும். எத்தினி வாட்டி போறாப்பல போய், திரும்பி வந்து பாத்தாரு தெரியுமா? நான் மரத்துக்குப் பின்னாடி நின்னுட்டேன். அவுரு போனப்பறம், அதே ஜன்னலாண்ட போயி நானும் உன்ன பாத்தேன்."

நைனாவுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றாள். அப்போது அவர் உள் அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். அந்த வாரம் அவருக்கு நைட் ஷிப்ட். ஜெனரல் ஷிப்ட் அதுவரைக்கும் வந்தபாடில்லை. அதனால் நாங்கள் இரண்டு பேரும் குரலைத் தாழ்த்தித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் இன்னா, கம்பெனிக்குத் திரும்பிப் போனேன். டம்ளர எட்த்த எடத்துலயே வெச்சேன்" என்றாள் அம்மா.