ஆடி முடியட்டும் என்றேன்

கால்நடை மருத்துவம் படித்தவள் நான். ஆனால் கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த பிறகு, டாலிகஞ்ச் குடியிருப்பில் ஒரு வயது மகளின் தும்மலைத் தவிர வேறு எந்த நோயையும் பார்க்கவில்லை. கணவர் அலிப்பூரில் மத்திய அரசு அலுவலகத்தில் இருந்தார்.

எதிர் வீட்டு வங்காளிப் பெரியவர் பாருய்ப்பூர் பக்கம் உயர்சாதி எருமைக் கிடாக்களை வளர்த்து, இனவிருத்திக்காக நகரத்துப் பால் மாட்டுக் கொட்டகைகளுக்கு விற்றுவந்தார். கொட்டகைகளை அரசு ஊருக்கு வெளியே அனுப்பத் தொடங்கியதும் அவருடைய வியாபாரம் சரிந்தது.

“பௌதி, பாலை நம்பினா இனி நான் சாமியாராத்தான் போகணும்,” என்றார் ஒருநாள் இந்தியில்; ‘பௌதி’ என்றால் வங்காளத்தில் அண்ணி, மணமான பெண்களை அப்படித்தான் அழைப்பார்கள். “பெரிய ஹோட்டல்காரன் இளங்கன்னு கறி கேக்கறான். கிழட்டு மாட்டை அவன் தொடமாட்டான். நல்ல வம்சம், நல்ல தீனி, ஒரு நல்ல டாக்டர். நீங்க வாங்களேன்.”

ஆண் கன்றென்றால் கொட்டகைகளில் பட்டினி போட்டே சாகவிடுவார்கள். அவற்றைப் பிறந்ததுமே வாங்கி வளர்ப்பது அவர் திட்டம். எந்தத் தாய்க்குப் பிறந்தது, எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது என் வேலை. படித்ததெல்லாம் திரும்ப வருவதுபோல் இருந்தது. உடனே பயமும் வந்தது. எங்கள் வீடு சைவம். பண்ணையிலிருந்து ஏதாவது நோயைக் குழந்தைக்குக் கொண்டுவந்துவிட்டால்?

அப்போது ஆடி பிறந்திருந்தது. “ஆடியில் எதையும் தொடங்க மாட்டோம். முடியட்டும், வருகிறேன்,” என்றேன்.

“அதென்ன ஆடி? எருமைக்கும் உண்டா?” என்று சிரித்தார்.

கணவர் அவரைவிட அதிகம் சிரித்தார். “கறிக்கு மாடு வளர்க்க முகூர்த்தம் பாக்கவ உலகத்துலயே நீ ஒருத்திதான். பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லு. பிடிச்சிருந்தா நாளைக்கே போ. பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்.”

பிடித்திருந்தது. அதைச் சொல்லத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை. திருநெல்வேலியில் இருந்த மாமியாரிடம் கேட்கவும் துணியவில்லை. அவர் வேண்டாம் என்றுதான் சொல்வார் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

ஆடியின் கடைசி வாரத்தில் அவரே போன் செய்தபோது, கறி என்ற சொல்லை மட்டும் விழுங்கிவிட்டு, மாட்டுப் பண்ணை வேலை என்றேன்.

“சம்பளத்துக்குப் போறதுக்கு யாரும்மா ஆடி பாத்தா? கல்யாணம் பேச, குடி போகத்தான் பாக்கணும். இவ்வளவு படிச்சிட்டு இது தெரியாதா?”

எருமைகள் மழைக்காலத்தில்தான் நிறையக் கன்று போடும். பாடப் புத்தகத்தில் அடிக்கோடிட்டுப் படித்தது. பெரியவரால் ஒரு மாதம் காத்திருக்க முடியாது என்பது எனக்குத் தெரியாததல்ல.

மறுநாள் காலையில் எதிர் வீட்டுக்குப் போனேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, தேநீர் வரவழைத்தார்.

“கோபமில்லை பௌதி. கன்னு பிறந்துக்கிட்டே இருக்கு, நான் என்ன செய்ய? பாராசாத்திலேர்ந்து ஒரு பையன் வந்திருக்கான். புது டாக்டர்.”

“நல்லது,” என்றேன். பிறகு மனம் தாங்காமல் கேட்டேன்: “வாங்குவதற்கு முன்னால் கன்றுகளுக்குச் சீம்பால் கிடைக்கிறதா? முதல் நாளே அதைக் குடிக்காவிட்டால் எந்த நோயையும் தாங்காது.”

அவர் யோசித்தார். “டாக்டர்கிட்ட கேக்கறேன்,” என்றார்.