கேட்டு வாங்கிய கொசுறு

எலாஸ்டிக் விற்கும்போது நான் சொல்வதில் பாதி பொய். அது என் கஸ்டமர்களுக்கும் தெரியும். அவர்கள் என்னிடம் சொல்வதில் முக்கால்வாசி பொய் என்று எனக்கும் தெரியும். அப்படித்தான் எங்கள் பக்கம் வியாபாரம் ஓடுகிறது. ஆனால் இதில் ஒரு வரியைக்கூட நான் கூட்டவில்லை. நம்பாதவர்கள் பல்லடத்தில் என் கடைக்கு வரலாம், மகுடேஸ்வரன் என்று கேட்டால் சொல்வார்கள். சட்டைக் காலரை இறக்கிக் காட்டுகிறேன். குட்டிக் குட்டி இரும்பு வளையங்களை வைத்து அழுத்தியது போல, கழுத்தைச் சுற்றி ஒரு தடம். இன்றோடு ஆறு நாள். கொஞ்சமும் மங்கவில்லை.

எல்லாம் ஒரு கொசுறால் வந்தது.

எங்கப்பா கறிவேப்பிலை வாங்கினால் கொத்தமல்லியைக் கொசுறு கேட்பார். கொத்தமல்லி வாங்கினால் கறிவேப்பிலை. இரண்டையும் வாங்கினால் பச்சை மிளகாய். கொசுறு இல்லாமல் கடையை விட்டு இறங்குகிறவன் ஏமாந்தவன் என்பது எங்கள் வீட்டு வேதம். அந்த வேதத்தில் வளர்ந்தவன் நான்.

எனக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம், பறவைகளைப் படம் எடுப்பது. அதற்கு லட்சக்கணக்கில் லென்ஸ் வாங்க மனம் வராது. எனவே பிரிட்ஜ் கேமரா தேடினேன். பெரிய கேமராவும் இல்லை, பாக்கெட் கேமராவும் இல்லை, நடுவில் நிற்கிற ஜாதி. லென்ஸைக் கழற்ற முடியாது. ஆனால் அறுபது மடங்கு ஜூம், என் கடை எலாஸ்டிக் மாதிரி இழுக்க இழுக்க வரும். இன்னொரு விஷயமும் உண்டு. கண்ணை வைத்துப் பார்க்கிற துவாரத்துக்குள் இருப்பது ஒரு குட்டித் திரை. அதில் தெரிவது நம் கண் பார்ப்பது அல்ல. கேமரா பார்ப்பது.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை மாலை 5.40. பல்லடத்திலிருந்து வண்டியில் அரை மணி நேரம், மண்ணரையில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. விற்பவர் பெயர் சண்முகப்பிரியா, முப்பது வயது இருக்கும். வீடு நிறைய அட்டைப் பெட்டிகள். காலி செய்துவிட்டுப் பொங்கலூரில் அம்மா வீட்டுக்குப் போகிறார். புருஷன் குணா, பனியன் கம்பெனிகளுக்கு சாம்பிள் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்.

"அவரு தவறிட்டாருங்ணா."

எப்படி என்று நான் கேட்கவில்லை. இரக்கப்பட்டுவிட்டால் விலை பேச வாய் வராது. அவர் சொன்ன விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே முடித்தேன். பிறகு வழக்கம்போல ஆரம்பித்தேன்.

"கார்டு ஒண்ணு போட்டுக் குடுத்துருங்க அம்மணி. கொசுறா."

"கார்டு இல்லீங்ணா. கேமரா மட்டுந்தான்."

அடியில் இருந்த மூடியைத் திறந்தேன். உள்ளே மெமரி கார்டு. அதன் மூலையில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு.

"இதென்னுங்க? ஒளிச்சு வச்சா எங்களுக்குத் தெரியாதுங்களா?"

அவர் பார்த்தார். அப்படியே பின்னால் நகர்ந்து சுவரில் முட்டி நின்றார்.

"அது... அங்க இருக்கக் கூடாதுங்ணா."

"இருக்குதே!"

"வேண்டாங்ணா. புதுக் கார்டு நானே காசு போட்டு வாங்கித் தர்றனுங்க. அத மட்டும் இங்கயே போட்டுட்டுப் போயிருங்க."

விற்கிறவரே கைக்காசு போட்டு ஒரு பொருளை வேண்டாம் என்கிறார். வேறு யாராவது என்றால் பயந்திருப்பார்கள். என் மூளை வேறு கணக்குப் போட்டது. அதில் ஏதோ இருக்கிறது, விடாதே! கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்துவிட்டேன். தெருமுனை திரும்பும்வரை "ஏனுங்ணா... ஏனுங்ணா..." என்று கூப்பிடுவது கேட்டது.

வீட்டுக்கு வந்து கார்டைப் பார்த்தேன். காலி. ஒரு படம்கூட இல்லை.

என் மனைவி அனிதா ஒரு கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். நூல் பிசிறு வெட்டுகிற குட்டிக் கட்டர் எப்போதும் அவள் விரலில் மாட்டியே இருக்கும். தூங்கும்போதுதான் கழற்றுவாள். அவளை ஹாலில் நிற்க வைத்துக் கேமராவைத் தூக்கினேன்.

"கொஞ்சம் சிரி."

"எத்தனைக்கு வாங்குனீங்கன்னு மொதல்ல சொல்லுங்க. சிரிக்கறதா அழுகறதான்னு அப்பறம் பாக்கலாம்."

ஆள் முகம் எங்கே இருந்தாலும் இந்தக் கேமரா கண்டுபிடித்து அதன்மேல் பச்சைக் கட்டம் போடும். அனிதாவின் முகத்தில் ஒரு கட்டம் விழுந்தது.

அவளுக்குப் பின்னால், சாத்திய கதவின்மேல் இன்னொரு கட்டம் விழுந்தது. அவள் தலைக்கு ஒரு முழம் மேலே.

"கதவுக்கும் மூஞ்சி இருக்குதாட்டம்" என்று சிரித்தேன். அவளும் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நான் மறுபடி கண்ணை வைத்தேன். அந்தக் கட்டம் கதவில் இல்லை. அவள் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது.

பழைய கேமரா, சென்சார் கோளாறு என்று நினைத்தேன். விலையை இன்னும் குறைத்திருக்கலாமே என்றுதான் வருத்தம்.

ஞாயிற்றுக்கிழமை. பகல் 12.05.

எல்லாத் தறியும் நின்றிருந்தது. வாரம் முழுக்கக் காதில் இரைகிற சத்தம் நின்றால் ஊரே காது அடைத்த மாதிரி இருக்கும். மொட்டை மாடியில் நான் மட்டும். எதிரே ஒரு கிலோமீட்டருக்குத் தென்னந்தோப்பு. அதில் ஒரு மரத்தின் உச்சியில் பருந்து.

கேமராவைக் கழுத்தில் மாட்டி, ஜூமைத் தள்ளினேன். ர்ர்ர்ர்... லென்ஸ் நீண்டது. பருந்தின் கண் தெரிந்தது. அழுத்தினேன். டிக். அது பறந்தது.

அது பறந்த இடத்தில், மரத்துக்குப் பின்னால், ஒரு மாடி தெரிந்தது.

பழைய கம்பெனி மாடி. மூன்று கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள். நடுவில் இருந்த தொட்டிக்கு மூடி இல்லை. கேமராவை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தேன். தென்னந்தோப்பு. அதற்குப் பின்னாலும் தென்னந்தோப்பு. கட்டடமே இல்லை.

மறுபடி கண்ணை வைத்தேன். மாடி இருந்தது.

12.24. இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் நெடுநெடுவென்று உயரம். இடது கையில் வெள்ளியாக மின்னியது. கட்டிங் மாஸ்டர்கள் போடுகிற இரும்பு உறை, வளையம் வளையமாகக் கோத்தது. துணி வெட்டும் பிளேடு பட்டாலும் விரல் போகாமல் காப்பது.

அந்தக் கையால் அவன் மற்றவனின் வாயில் குத்தினான்.

சத்தமே இல்லை. அதுதான் கொடுமை. பல் தெறித்தது தெரிந்தது, ஆனால் சத்தம் இல்லை. மறுபடி குத்தினான். மறுபடி. அடி வாங்கியவன் மண்டியிட்டுக் கும்பிட்டான். உயரமானவன் அவன் தலைமுடியைப் பிடித்து நடுத் தொட்டியின் விளிம்பில் மோதினான். கறுப்புத் தொட்டியில் சிவப்பு வழிந்தது. பிறகு அந்த இரும்புக் கை கழுத்தைப் பிடித்தது.

கால்கள் உதறின. ஒரு செருப்பு கழன்றது.

நான் கத்தியிருக்க வேண்டும். போலீசைக் கூப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் என் விரல் பட்டனை அழுத்தியது.

டிக்.

உயரமானவன் நிமிர்ந்தான். ஒரு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து...

நேராக என்னைப் பார்த்தான்.

12.36. அவசரமாக ஜூமைக் குறைத்தேன். ர்ர்ர்ர்... தொட்டிகள் சிறுத்தன. மாடி சிறுத்தது. தென்னை மரங்கள் தீக்குச்சி ஆயின.

அவன் மட்டும் சிறுக்கவில்லை.

இன்னும் குறைத்தேன். முழுவதும் குறைத்தேன். தோப்பே கையளவு ஆனது. அவன் அதே அளவில் நின்றான். அப்படியென்றால்...

அவன் அங்கே இல்லை. பக்கத்தில் வந்துவிட்டான்.

கேமராவைக் கண்ணிலிருந்து எடுத்தேன். எதிரே யாரும் இல்லை.

பின்னால் மாடிப்படியில் சத்தம்.

சலக்...

சலக்...

சலக்...

திரும்ப முடியவில்லை. கழுத்து வார் இழுத்தது. யாரோ பின்னால் நின்று முறுக்குவது போல. ஒரு முறுக்கு. இன்னொரு முறுக்கு.

வாருக்குள் விரலை விட்டேன். விரல் பட்டது துணியில் அல்ல.

இரும்பு. சில்லென்ற இரும்பு வளையங்கள்.

முழங்காலில் விழுந்தேன். நெற்றி கைப்பிடிச் சுவரில் மோதியது. ஒருமுறை. மறுமுறை. ரத்தம் கண்ணில் இறங்கியது.

மூச்சு இல்லை.

எங்கிருந்தோ ஒரு சத்தம்.

டிக்.

"ஏனுங்க!"

அனிதா. துவைத்த துணி வாளியோடு வந்தவள் அதை வீசிவிட்டு ஓடி வந்தாள். விரலில் இருந்த கட்டரை என் கழுத்துக்கும் வாருக்கும் நடுவில் நுழைத்து அறுத்தாள். என் தோலும் சேர்ந்து அறுபட்டது. வார் விட்டது. கேமரா தரையில் விழுந்து லென்ஸ் கோணியது.

அவளுடைய கைக்கடிகாரம் என் முகத்துக்கு நேரே இருந்தது. 12.41.

"யாரு... யாருடி இருந்தா?"

"ஆருமில்லீங்க. நீங்க மட்டுந்தான்" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

டாக்டர் நெற்றியில் ஐந்து தையல் போட்டார். கழுத்தைப் பார்த்துவிட்டு, "வண்டிச் சங்கிலியில எதாச்சும் மாட்டிக்கிட்டீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். டாக்டரிடம்கூடப் பொய் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை.

நேற்று வெள்ளிக்கிழமை, உடைந்த கேமராவைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு மண்ணரைக்குப் போனேன். தனியாக விடமாட்டேன் என்று அனிதாவும் வந்தாள். வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காசு கேட்காமல் வர நினைத்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

சண்முகப்பிரியா என் கழுத்தைப் பார்த்தார். எங்களை மாடிக்குக் கூட்டிப்போய்க் கையை நீட்டினார்.

நாலு தெரு தள்ளி ஒரு பழைய கம்பெனி. மூன்று கறுப்புத் தொட்டிகள். நடுத் தொட்டிக்கு மூடி இல்லை. வெறும் கண்ணுக்கே தெரிந்தது.

"அங்கதானுங்க கட்டிங் மாஸ்டர் வீரன்ங்கறவன், சூப்பர்வைசர் சுரேஷ அடிச்சுக் கொன்னான். என்ன தகராறுன்னே இன்னிக்கு வரைக்கும் ஆருக்கும் தெரியாதுங்க. ஒரு ஞாயித்துக்கெழம. எங்க ஊட்டுக்காரரு இங்க நின்னு மைனாவப் படம் எடுத்துட்டு இருந்தாரு. அந்தக் கொலயும் படத்துல விழுந்துருச்சு. போலீசுல கொண்டுபோய்க் குடுத்தாருங்க. போலீசு வர்றதுக்குள்ள அவன் அதே மாடியில இருந்து குதிச்சுச் செத்துட்டான். கையில அந்த ஒறையோட."

"உங்க ஊட்டுக்காரரு?"

"ஆறு வாரம் கழிச்சுங்ணா. ஞாயித்துக்கெழம பன்னண்டே முக்காலுக்கு நான்தான் பாத்தன். இதே எடத்துல. கேமரா வாரு கழுத்துல. தற்கொலைன்னு எழுதிட்டாங்க."

பையிலிருந்து கேமராவை எடுத்து, கார்டைக் கழற்றி நீட்டினேன். அவர் வாங்கவில்லை. சிவப்புப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொட்டு நான் வச்சதுங்ணா, அடையாளத்துக்கு. ஆனா அந்தக் கார்டு கோர்ட்டுல இருக்குதுங்க. சீல் வச்சு. நான்தான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தன்."

என் உள்ளங்கையில் இருந்த கார்டைப் பார்த்தேன்.

"பாத்தவங்களத்தானுங்க அவன் தேடறான்" என்றார் மெதுவாக. "சாமி புண்ணியம், அக்கா ஒண்ணும் பாக்கலீங்கல்ல?"

நான் அனிதாவைப் பார்த்தேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"பாத்தனுங்க" என்றாள். "உங்க முதுகுக்குப் பின்னால. நெட்டையா... கட்டரப் போடறப்ப அந்தக் கை என் கைமேல பட்டுச்சு. நீங்க பயந்துக்குவீங்கன்னு சொல்லல."

கார்டைத் திரும்பச் செருகிக் கேமராவை ஆன் செய்தேன். லென்ஸ் கோணியிருந்தாலும் திரை எரிந்தது. பருந்து இல்லை. கொலை இல்லை. ஒரே ஒரு படம்.

பல்லடத்தில் என் வீட்டு மொட்டை மாடி. நான் முழங்காலில் கிடக்கிறேன். என் பின்னால் அவன். அறுபது மடங்கு ஜூமில், தென்னந்தோப்புப் பக்கத்திலிருந்து எடுத்த படம். நேரம் 12.40. அந்த நேரத்தில் இந்தக் கேமரா என் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. படத்திலும் தொங்குகிறது.

படிக்கட்டு வாசலில் அனிதா. வாளியோடு.

பச்சைக் கட்டம் என் முகத்தில் இல்லை. அவன் முகத்திலும் இல்லை.

அவள் முகத்தில் இருந்தது.

இன்று சனிக்கிழமை. கேமராவைக் கார்டோடு நேற்றே மண்ணரையில் விட்டுவிட்டு வந்தோம். மாடிக் கதவுக்கு இரண்டு பூட்டு போட்டிருக்கிறேன். இதை எழுத ஆரம்பிக்கும் முன் பேனா எடுக்க மேஜை டிராயரைத் திறந்தேன். உள்ளே அதே கார்டு, மூலையில் ஒரு சிவப்புப் பொட்டு.

அவனுக்கு என்னிடம் விலை படியவில்லை. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, கொசுறு கேட்டு வருவான்.