மீட்டர் அக்கா திரையை எரித்த நாள்

மார்ச் 3: கணினி போர்டு ஒன்று, 18,400
மார்ச் 9: திரை ஒன்று, 6,150
மார்ச் 9: டிரைவ், கீபோர்டு, கேபிள்கள், 4,275
மார்ச் 24: திரை மீண்டும் ஒன்று, 6,150

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் இருப்புப் பேரேட்டில் என் கையால் எழுதிய வரிகள் இவை. முப்பத்தெட்டு ஆண்டுகள் அந்த ஸ்டோரைப் பார்த்துக்கொண்டேன். நான்காவது வரி வந்த விதத்தைச் சொல்லியாக வேண்டும்.

என் அண்ணன் மகள் அங்கே மின்பிரிவில் தற்காலிக ஊழியர். மீட்டர் வைத்து அளக்காமல் எதையும் தொடமாட்டாள். அதனால் அவளைவிட மூத்தவர்கள்கூட ‘மீட்டர் அக்கா’ என்றே கூப்பிட்டார்கள். அட்டை வெட்டும் எந்திரத்தின் கணினி செத்துப்போனபோது, விற்ற கம்பெனி எல்லாவற்றையும் மாற்றச் சொன்னது.

“போர்டு, திரை, டிரைவ் போதும் சார். நானே மாத்துறேன்” என்றாள் இவள்.

மேலாளர் மார்ச் 31 வரை கெடு கொடுத்தார். எந்திரம் ஓடினால் வேலை நிரந்தரம். ஓடாவிட்டால் அன்றே அவளுக்குக் கடைசி நாள்.

மார்ச் 16, திங்கள். டிரைவையும் கீபோர்டையும் இணைத்துவிட்டாள். திரைக்குப் போகும் வோல்ட்டை போர்டில் ஜம்பர் என்னும் சிறு மூடியை இடம் மாற்றிப் போட்டுத் தீர்மானிக்க வேண்டும்.

“சித்தப்பா, திரைக்கு எத்தன வோல்ட்டு?”

ஸ்டோர் கார்டைப் பார்த்து, “அஞ்சும்மா” என்றேன்.

திரையின் முதுகில் ஒட்டியிருந்த சீட்டை அவள் திருப்பிப் பார்க்கவில்லை. நான் சொன்னால் அவளுக்கு அதற்கு மேல் பேச்சில்லை. ஜம்பரை ஐந்தில் போட்டு மின்சாரம் கொடுத்தாள். திரை ஒரு நொடி வெளுத்தது. பிறகு கருகல் வாடை.

“ரெண்டு ஒயர சொருகச் சொன்னா பொகை போட்டுட்டியே, மீட்டரு!” என்றார் போர்மன். “கொசுவாவது ஒழிஞ்சுது.”

“கொசு வேல முடிஞ்சுதுல்ல? இனி எந்திர வேலைய பாக்குறேண்ணே.”

திரையைத் திருப்பினேன். 3.3 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது. பழைய திரையின் கார்டிலிருந்த ‘5 வோல்ட்’ வரியைப் புதுத் திரையின் கார்டிலும் அப்படியே பெயர்த்து எழுதியிருந்தேன்.

“தப்பு என்னோடது. மேலாளர்ட்ட சொல்லிடுறேன்மா.”

“சொல்லுங்க. ஆனா மொதல்ல புதுத் திரைக்கு எழுதிப் போடுங்க சித்தப்பா. பதினஞ்சு நாள்தான் இருக்கு.”

எழுத்திலேயே ஒப்புக்கொண்டேன். படித்துவிட்டு, “கெடு கெடுதான்” என்றார் மேலாளர்.

திரை வர எட்டு நாள். அந்த எட்டு நாளும் ஒவ்வொரு கேபிளின் ஒவ்வொரு முனையையும் அளந்து, படம் வரைந்து, சீட்டுக் கட்டினாள். 24ஆம் தேதி புதுத் திரை வந்ததும் முதுகைத் திருப்பி உரக்கப் படித்தாள். என்னையும் படிக்கச் சொன்னாள். திரையை மாட்டாமலே போர்டுக்கு மின்சாரம் கொடுத்து அளந்தாள். 3.3. அணைத்துவிட்டுப் பிறகுதான் மாட்டினாள். திரை எரிந்தது, இம்முறை ஒழுங்காக. டிரைவ்தான் அதில் தெரியவில்லை. மின் கேபிள் தளர்ந்திருந்தது. போர்மனே குனிந்து அழுத்திச் சொருகினார்.

மார்ச் 27, காலை 11.10க்கு எந்திரம் முதல் அட்டையை வெட்டியது.

“சரி, ஓடுது. நிறுத்துறது எப்படின்னு சொல்லு தாயி” என்றார் போர்மன்.

நிர்வாகத்திடமிருந்து மூன்று கடிதங்கள் வந்தன. முதலாவது, விஷயம் பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னது. இரண்டாவது, தற்காலிக வேலையை ஒரு மாதம் நீட்டியது. அதை அவள் கையெழுத்திடாமல் மேலாளர் மேசையிலேயே வைத்தாள். “சொன்னத சொன்னபடி குடுங்க சார்.” நிரந்தர வேலைக்கான கடைசிக் கடிதம் வந்தது மே 11.