புளி போட்டுத் தேய்த்த கண்ணாடிகள்

ஐந்தாவதோடு நின்றவள் நான். கோணல்மாணலாகத்தான் எழுத வருகிறது, பாதி மறந்தும் போச்சு. பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கொல்லைத் தொட்டியில் கிடக்கும் இந்த விரல் நீளக் கண்ணாடித் துண்டைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

அறுபதுகளின் கடைசி. காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் காலேஜ் டீச்சரம்மா ஒருவர் குடியிருந்தார். கோயில் குளத்தில் இதுபோன்ற கண்ணாடிகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். எங்கள் தறியில் மிஞ்சிய பட்டு நூலால் முடிச்சுப் போட்டுக் கொடுத்தது நான். கொஞ்ச நாளில் கண்ணாடி மேல் வழவழவென்று ஒரு படலம் படியும். "பாசி வெயில்ல சமைக்குது, கிருமி அதத் தின்னுட்டு, பாசிக்கு வேண்டியதக் குடுக்குது. ரெண்டும் ஒரே வூட்ல குடித்தனம் பண்ணுதுங்கமா" என்பார். பாதிக் கண்ணாடிகளைக் கறுப்புத் துணியால் மூடினார். இருட்டில் பாசி வராது. கிருமி தனியாக எவ்வளவு வளர்கிறது, பாசியோடு சேர்ந்தால் எவ்வளவு என்று வாராவாரம் சிலதை எடுத்துச் சுரண்டி, காயவைத்து நிறுத்துப் பார்ப்பார். மழையிலிருந்து கோடைவரை பார்த்து முடித்தால்தான் ஆராய்ச்சிப் பட்டம். இந்த வருஷம் முடிக்காவிட்டால் கல்யாணம் என்று அவர் அப்பா கெடு வைத்திருந்தார்.

தர்மகர்த்தா தலையாட்டிய பிறகுதான் எல்லாம் குளத்தில் இறங்கியது. தெப்பத் திருவிழா நெருங்கியதும், சாமி இறங்குகிற தண்ணீரில் கறுப்புத் துணியா, ஏவல் சூனியமா என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். 'நான்தான் சம்மதித்தேன்' என்று அந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அத்தனையையும் இழுத்துப் போடச் சொல்லி, கோயில் பாத்திரங்களோடு புளி போட்டுத் தேய்க்கவைத்து, தாம்பாளத்தில் அடுக்கி வீட்டுக்கே எடுத்து வந்தார்.

"பளபளன்னு இருக்குது பாரும்மா. அழுக்குக்குப் போயி கண்ணு கலங்கினு நிக்கறியே" என்று சிரித்தார்.

டீச்சரம்மா ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒன்றிலும் ஒன்றுமில்லை.

"நீங்கதானே சரின்னீங்க?"

"தாம்பாளம் கோயிலோடது. குடுத்துடும்மா."

அடுத்த மாதமே டீச்சரம்மாவை ஊருக்கு அழைத்துப் போய்விட்டார்கள். புகுந்த வீட்டில் படிப்பு வேண்டாமென்றார்களாம். குளத்தைச் சுத்தமாக வைத்தவர் என்று அந்த மனிதர் பேர் மட்டும் கல்லில் இருக்கிறது.

போகும்போது டீச்சரம்மா எனக்கு ஒன்று கொடுத்துவிட்டுப் போனார். அதுதான் தொட்டியில் கிடக்கிறது. பச்சை கட்டியிருக்கிறது. "கழுவிடட்டா, அத்த?" என்கிறாள் மருமகள். தொடாதே என்கிறேன்.

பாசி, கிருமி விஷயத்தில் தப்பிருந்தால் படித்தவர்கள் யாராவது சரிபார்த்துப் போடுங்கள். அந்த மனிதர் சிரித்ததைச் சரிபார்க்க வேண்டாம். அது நான் பார்த்தது.