முக்கால் கிலோ

பிள்ளைகளே, நான் கபடி ஆடியதையும் பிறகு கோச் ஆனதையும் எழுதச் சொன்னீர்கள். பத்தாவதோடு நின்றவன் நான். எனக்குத் தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

ஆடிய காலத்தில் நான் இடது கார்னர். பாடி வருகிறவன் கோட்டோரம் கால் வைத்ததும் கணுக்காலைப் பிடித்து அவனை நிறுத்துவது என் வேலை. அறுபத்தைந்து கிலோவுக்கு மேல் போகக்கூடாத போட்டிகளில் ஆடுவேன். ஒருமுறை எடை இறங்குவதற்காகத் தண்ணீர்கூடக் குடிக்காமல் களத்தில் இறங்கினேன். பாதி ஆட்டத்தில் கெண்டைச் சதை இழுத்துக்கொண்டது. விழுந்த என் மேல் நாலு பேர் விழுந்தார்கள். முட்டி போயிற்று. கோப்பை எங்களுக்குத்தான். கட்டுப் போட்ட காலோடு போட்டோவில் நின்றேன். அதற்குப் பிறகு ஆட முடியவில்லை. பெரம்பலூர் பக்கம் எங்கள் சிறுவாச்சூர்ப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன்.

அதில் ஒருவன் என்னைவிட நன்றாகப் பிடிப்பான். அவனும் இடது கார்னர்தான். போன கோடையில் மீன்சுருட்டியில் ஓர் அறுபத்தைந்து கிலோ போட்டி. ஒரு பெரிய ஆபீஸ் டீமுக்கு ஆள் எடுக்கிறவர் வருகிறார், இடது கார்னரைத்தான் தேடுகிறார் என்று சொன்னார்கள். எடுத்தால் நிரந்தர வேலை. அவனுக்கோ வேலைக்கான வயது முடியப்போகிறது. இதை விட்டால் வேறு வழியில்லை.

அவன் எடை எப்போதும் விளிம்பில்தான் நிற்கும். ஒரு வாரமாக அரை வயிறுதான் சாப்பிட்டான். தினமும் வெங்காய மண்டித் தராசில் ஏற்றிப் பார்த்தோம். கிளம்பும் அன்று சரியாக அறுபத்தைந்து காட்டியது. எல்லோரும் கை தட்டினோம்.

மீன்சுருட்டியில் மெஷின் முக்கால் கிலோ கூடக் காட்டியது.

"மெஷினு கோளாறு சார்" என்றான் அவன்.

"எறங்குப்பா, எறங்கு" என்றார் நடுவர்.

அவன் இறங்கியதும் மெஷின் சைபருக்கு வந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. மண்டித் தராசு காலியாக இருக்கும்போது சைபர் காட்டாது. மூட்டையில் சாக்கின் முக்கால் கிலோவைக் கழித்தே காட்டும்படி வைத்திருப்பார்கள். அவன் ஏறி நின்ற பிறகுதான் நாங்கள் குனிந்து பார்ப்போம். காலித் தராசை ஒருவரும் பார்த்ததில்லை. மற்ற பையன்கள் மெலிந்தவர்கள், அதனால் தப்பித்தார்கள்.

"இப்ப ஓடுற மேட்ச் முடியறதுக்குள்ள எறக்கிட்டு வாங்க" என்றார் நடுவர். "அப்புறம் மெஷின மூடிருவேன்."

உச்சி வெயில். மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்தான். எச்சில் ஊறட்டும் என்று வாயில் புளியை அடக்கித் துப்பிக்கொண்டே ஓடினான். பந்தல் நிழலில் இருந்த எதிர் டீம் பையன் ஒருவன் கத்தினான்:

"பெரம்பலூர் வெங்காயம் வருதுடா! ரெண்டு தோல் உரிச்சுட்டு ஏத்துங்கடா!"

எங்கள் ஆள் ஒருவன் கத்தரிக்கோலோடு ஓடிவந்தான். "மொட்டை போட்டுருவோம்ணே. நம்ம ஊரு ஆத்தாளுக்குன்னு நெனச்சுக்கட்டும்."

"வெட்டு, வெட்டு" என்றேன். அப்போது எனக்கும் அந்த வேலைதான் கண்ணில் நின்றது. ஆள் எடுக்கிறவர் வெள்ளைத் தொப்பியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

இரண்டாம் முறை ஏறினான். கால் கிலோ கூட. மறுபடி ஓடினான். மேட்ச் இன்னும் முடியவில்லை. மூன்றாம் முறை துண்டைச் சுற்றிப் பிடித்து உள்ளாடையோடு ஏற்றினோம். நூறு கிராம்.

"இன்னும் ஒரே ரவுண்டுண்ணே" என்றான். நாக்கு புரளவில்லை. கோட்டை மாட்டிவிடக் கை வைத்தேன். முதுகு கொதித்தது, ஆனால் காய்ந்திருந்தது. ஒரு பொட்டு வேர்வை இல்லை. அந்த வெயிலில் ஓடியவன் உடம்பு காய்ந்து கிடந்தால் உள்ளே தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

"போதும்டா."

"விடுங்கண்ணே. நூறு கிராமுண்ணே."

"உக்காருடா!"

உட்காரவில்லை. என்னைத் தள்ளிவிட்டு நாலு எட்டு வைத்தான். கால் பின்னியது. நான் போய் அவன் கழுத்தை வளைத்துப் பிடித்து, பாட்டிலை வாயில் வைத்தேன். துப்பினான். மறுபடி வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான். ஒரு மிடறு விழுங்கியதும் அவனால் நிறுத்த முடியவில்லை. பாட்டில் முழுவதும் குடித்தான்.

பிறகு என் சட்டையைப் பிடித்தான். அன்றுவரை என்னை 'நீங்க' என்றுதான் சொல்லுவான்.

"என் பொழப்பக் கெடுத்துட்டியேடா. நீ மட்டும் ஆடுன, கப்பு வாங்குன. போட்டோல சிரிச்சிட்டு நிக்கிறல்ல?"

மெஷினை மூடினார்கள். அவன் இடத்தில், அதுவரை டீமில் ஆடியிராத ஒருவனை இறக்கினேன். தோற்றோம். வெள்ளைத் தொப்பிக்காரர் வேறு டீமின் கார்னரைக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்ததை எல்லோரும் பார்த்தோம். அவனும் பார்த்தான்.

திரும்பும் வழியில் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அவன் வேனை விட்டு இறங்க மறுத்துவிட்டான். வேனின் பின்சீட்டில் படுத்தே வந்தான். இரண்டு கால்களும் இழுத்துக்கொண்டன. பையன்கள் நீவிவிட்டார்கள். நான் கை வைத்தபோது காலை இழுத்துக்கொண்டான். ஜெயங்கொண்டம் தாண்டியும் ஒன்றுக்குப் போகவில்லை. கிட்னி கெட்டிருக்குமோ என்ற பயம்தான் எனக்கு. எழுந்து இன்னும் நாலு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் அவனுக்கு ஒன்றும் ஆகாமலும் இருந்திருக்கலாம். அதை யார் சொல்ல முடியும்?

அரியலூர் வரும்முன் ஒரு டீக்கடையில் வேன் நின்றது. அவன் நொண்டிக்கொண்டே மறைவாகப் போய்விட்டு வந்தான்.

"போனியாடா?" என்றேன்.

"போனேன். அதையும் எடை போடணுமா?"

வேனே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. எனக்கு அப்போதுதான் டீ குடிக்கத் தோன்றியது.

அடுத்த வாரம் அவன் வேறு டீமுக்குப் போய்விட்டான். தடுக்கவில்லை. அந்த டீம் கோச்சுக்கு மட்டும் போன் போட்டேன். "அவன இனிமே எழுபது கிலோலயே ஆட விடுங்க" என்றேன்.